ஊசியும் குச்சியும் உப்பும் போதும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் திரைக்குப் பின்னால் காத்திருக்கும்போது நீண்ட நேரம் பேசுகிறவனை எந்த அவையும் வாழ்த்தியதில்லை. ஆதலின் நேரே பொருளுக்கு வருகிறேன். மாணவர்கள் விஞ்ஞானக் கண்காட்சிக்காக வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். செலவு மிகாமல் இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். செலவைப் பற்றிய கவலையை இப்பொழுதே தீர்த்துவிடுகிறேன். நான் கூறப்போகும் பொருள்களில் பெரும்பாலானவை உங்கள் வீட்டிலேயே இருப்பவை. இல்லாதவற்றைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கினாலும் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவைத் தாண்டமாட்டா.

முதலில் என் குற்றம் ஒன்றை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன். என் மகன் சிறுவனாக இருந்தபோது பள்ளிக் கண்காட்சிக்கு ஓர் எரிமலை செய்ய வேண்டியிருந்தது. அட்டையை நான் வெட்டினேன். களிமண்ணை நான் குழைத்தேன். வண்ணத்தையும் நானே தீட்டினேன். சோடா உப்பும் காடியும் கலந்து நுரை பொங்கிற்று, பரிசும் கிடைத்தது. அன்றிரவு அவன் என்னைப் பார்த்து, "அப்பா, அடுத்த வருஷம் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். கண்காட்சி என்பது தகப்பன்மார் செய்யும் வேலை என்றே அவன் எண்ணியிருந்தான். அந்தக் கேள்வி என்னை இன்றும் விடவில்லை.

இன்று நிலை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. தகப்பன் செய்வதும் குறைந்து, கடையே செய்து கொடுக்கிறது. விளக்கு மினுங்கும் மாதிரி நகரம், சுழலும் காற்றாலை முதலியன பெட்டியிலேயே கிடைக்கின்றன. வாங்கி வைத்த பிள்ளை அதன் பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறது. வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையோ, விஞ்ஞானம் பணமுள்ளவர்க்கே உரியது என்று ஒதுங்கிக் கொள்கிறது. இரண்டு பிள்ளைகளும் இழப்பது ஒன்றே. தன் கையால் இயற்கையிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, தன் கண்ணால் விடையைக் காணும் அனுபவத்தை இருவருமே இழந்துவிடுகிறார்கள்.

நம் கேரளத்துப் பள்ளிச் சாஸ்திரோற்சவத்தில் காட்சி மாதிரி, இயங்கும் மாதிரி என்னும் பிரிவுகளோடு, எளிய பொருள்களைக் கொண்டு தாமே அமைக்கும் சோதனை என்றும், ஆராய்ச்சி முறைத் திட்டம் என்றும் பிரிவுகள் இருக்கின்றன. பணமில்லாத பிள்ளைக்கும் அங்கே இடமுண்டு. நாம்தான் பளபளப்பின் பக்கம் பிள்ளைகளை இழுத்துச் செல்கிறோம்.

அன்பர்களே, பிழைப்புக்காக நாம் வந்து தங்கிய இந்தத் திருவனந்தபுரம், சோதனைக்கென்றே அமைந்த ஊர் போன்றது. அதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? நான் இங்கே கூறும் சோதனைகளை இந்த ஊரை வைத்தே தேர்ந்திருக்கிறேன்.

முதலாவது ஊசி.

நீளமான தையல் ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கில்லாத மெல்லிய இழை ஒன்றால் அதன் நடுவில் கட்டுங்கள். அம்மாவின் பட்டுச் சேலை முந்தானையிலிருந்து உதிர்ந்த ஓர் இழையே போதும். ஊசி எப்பக்கமும் சாயாமல், தராசுக் கோல்போல் மட்டமாகத் தொங்கும்வரை கட்டை நகர்த்துங்கள். மட்டமானதும் ஒரு துளி நகச்சாயத்தால் கட்டை அசையாமல் ஒட்டிவிடுங்கள். பிறகு, பழுதாகிப்போன பழைய ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தால் ஊசியை ஒரே திசையில் முப்பது, நாற்பது முறை தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தலாகாது. இரும்பு அலமாரியும் கைத்தொலைபேசியும் அருகில் இல்லாத இடத்தில், காற்றில்லாத நேரத்தில் ஊசியைத் தொங்கவிடுங்கள். அது தானே திரும்பி வடக்கும் தெற்குமாக நிற்கும். இது எல்லாரும் அறிந்ததே. அறியாத ஒன்றை இனிப் பாருங்கள். ஊசி முன்போலவே ஏறத்தாழ மட்டமாக நிற்கிறது!

"இதில் என்ன வியப்பு?" என்று கேட்பீர்கள். இதே ஊசியை இதே முறையில் கட்டி டில்லியில் தொங்கவிட்டால் அதன் வடமுனை கீழே தாழும். பூமியும் ஒரு பெரிய காந்தம். அதன் விசைக் கோடுகள் வடக்கே போகப் போகத் தரையை நோக்கிச் சாய்கின்றன. காந்த துருவத்தில் செங்குத்தாக இறங்குகின்றன. டில்லியில் அந்தச் சாய்வு 40 பாகைக்கு மேல். நூலில் தொங்கும் ஊசியை அதன் எடை மட்டமாகவே நிறுத்தப் பார்ப்பதால், அது முழுச் சாய்வையும் காட்டாது. ஆயினும் தாழ்வது கண்ணுக்கு நன்கு தெரியும். சாய்வே இல்லாமல் விசைக் கோடுகள் கிடையாக ஓடும் இடங்களைச் சேர்த்து ஒரு கோடு வரைந்தால், அது உலகைச் சுற்றிவரும். அதனைக் காந்த நடுக்கோடு என்பர். ஆண்டுதோறும் சிறிதளவு இடம்பெயரும் அந்தக் கோடு செல்வது நம் ஊரின் அருகில்தான்.

இந்தக் கோட்டுக்காகவே உலகத்து விஞ்ஞானிகள் இங்கே வந்தார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா 1837ஆம் ஆண்டில் இங்கே வானாய்வுக்கூடம் நிறுவினார். அது நின்ற குன்றுக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது. 1852ஆம் ஆண்டில் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்னும் அறிஞர் ஆண்டுக்கணக்காகக் காந்த ஊசியின் அசைவுகளைக் குறித்து வைத்தார். 1855ஆம் ஆண்டில் அவர் ஒரு துணை ஆய்வுக்கூடமும் அமைத்தார். எங்கே தெரியுமா? 6,000 அடிக்கு மேல் உயர்ந்த அகத்திய மலையின் உச்சியில்! தமிழ் முனிவர் இருந்த பொதிய மலை என்று நம் பாட்டிமார் கையெடுத்துக் கும்பிட்ட அந்த மலையில், ஒரு காந்த ஊசி அசைவதை ஒருவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரட்டிய குறிப்புகள் 1874ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

பிற்காலத்தில் டாக்டர் விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவுவதற்கு ஓர் இடம் தேடியபோது, நம் ஊர்க் கடற்கரையிலுள்ள தும்பா என்னும் மீனவர் சிற்றூரைத் தேர்ந்ததற்கும் இதுவே காரணம். காந்த நடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் செல்லாது. செயற்கைக் கோள் அவ்வளவு தாழ்வில் நில்லாது. அங்கே சென்று பார்க்க ராக்கெட் ஒன்றே வழி. தும்பா மக்கள் தங்கள் மரிய மக்தலேனாள் தேவாலயத்தையும் குடியிருந்த மண்ணையும் இந்தப் பணிக்காக விட்டுக்கொடுத்தார்கள். தேவாலயமே முதல் அலுவலகமாயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்ற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் அவர்களும் அந்த முதற் குழுவில் ஒருவர். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை முதல் ராக்கெட் இங்கிருந்து கிளம்பிற்று.

பிள்ளைகளே, உங்கள் வீட்டு ஊசி மட்டமாக நிற்பதற்கும், தும்பாவிலிருந்து ராக்கெட் பறந்ததற்கும் காரணம் ஒன்றே. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். காந்தமேற்றாத ஊசியும் மட்டமாகத்தானே நின்றது? அப்படியானால் காந்தமேற்றிய பிறகும் மட்டமாக நிற்பது எதை மெய்ப்பிக்கிறது? இந்தக் கேள்வியை யாரும் கேட்குமுன் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை, வேறோர் ஊரில் இருக்கிறது. விடுமுறைக்கு டில்லிப் பெரியப்பா வீட்டுக்குப் போகிறவர்கள் அதே ஊசியைக் கட்டு அவிழாமல் கொண்டுசெல்லுங்கள். ரயில் பெட்டி இரும்பாலானது. ஆதலின் வழியில் பார்க்க வேண்டாம். வீட்டுக்குப் போய்த் தொங்கவிட்டுப் பாருங்கள். அங்கே தாழ்ந்து, திரும்பி வந்ததும் இங்கே மீண்டும் மட்டமானால், அதுவே சான்று. போக இயலாதவர்கள் அங்குள்ள உறவினரை ஓர் ஊசி கட்டச் சொல்லிப் படம் அனுப்பச் சொல்லலாம். உறவு பல ஊர்களில் சிதறிக் கிடக்கிறதே என்று நாம் வருந்துவதுண்டு. விஞ்ஞானத்துக்கு அந்தச் சிதறலே செல்வம்.

இரண்டாவது குச்சி.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியை மொட்டை மாடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். செங்குத்துதானா என்று பார்க்க, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஏப்ரல் 11, 12 தேதிகளை ஒட்டியும், மீண்டும் ஆகஸ்ட் மாத இறுதியிலும், நண்பகலில் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் வரும். குச்சியின் நிழல் குறுகிக் குறுகிக் காலடியிலேயே மறைந்துவிடும். ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம். ஏப்ரலிலோ வெயிலும் உண்டு, பள்ளி விடுமுறையும் உண்டு. ஆனால் கடிகாரத்தில் 12 மணிக்குப் பார்த்தால் ஏமாறுவீர்கள். நம் கடிகாரங்கள் 82½ பாகைத் தீர்க்க ரேகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகின்றன. நாம் அதற்கு மேற்கே 77 பாகையை ஒட்டி இருக்கிறோம். ஆதலின் நமக்கு உச்சிப்பொழுது ஏறத்தாழ 12 மணி 22 நிமிடத்துக்கு வருகிறது. இதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 12 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சுண்ணக் கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், எப்போது நிழல் மிகக் குறுகியது என்பது தானே தெரியும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கலாகாது. நிழலை நோக்கினால் போதும்.

டில்லியும் ஏறத்தாழ நம் தீர்க்க ரேகையிலேயே இருக்கிறது. ஆகவே அங்கும் உச்சிப்பொழுது ஏறக்குறைய அதே நிமிடத்தில்தான். அதே நாளில் டில்லியில் ஒரு மீட்டர் குச்சி ஏறத்தாழ 36, 37 சென்டிமீட்டர் நிழல் தரும். குச்சியையும் நிழலையும் தாளில் சிறிதாக வரைந்து, கோணமானியால் அளந்தால் 20 பாகை கிடைக்கும். வட்டத்தில் 20 பாகை என்பது 18இல் ஒரு பங்கு. திருவனந்தபுரத்துக்கும் டில்லிக்கும் உள்ள தென்வடல் தொலைவு, வரைபடத்தின்படி ஏறத்தாழ 2,230 கிலோமீட்டர். அதை 18 ஆல் பெருக்கினால் 40,140 கிலோமீட்டர். பூமியின் உண்மையான சுற்றளவு 40,000 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எரடோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர் எகிப்து நாட்டில் நிழலை வைத்து இவ்வாறே கணக்கிட்டார். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இரண்டு குச்சிகளும் ஒரு தொலைபேசி அழைப்பும் சேர்ந்தால் உலகையே அளந்துவிடலாம். உங்கள் விடை 38,000 என்றோ 42,000 என்றோ வந்தால் வெட்கப்பட வேண்டாம். பிழை எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். குச்சி சாய்ந்திருந்ததா, தரை மட்டமில்லையா, நேரம் தவறியதா? அந்தத் தேடலே ஆராய்ச்சி.

மூன்றாவது உப்பு.

பெரியவர் ஒருவர் உடனிருக்க, அடுப்பின் நீலச் சுடரில் ஒரு சிட்டிகை உப்புத் தூளைத் தூவுங்கள். சுடர் மஞ்சளாக ஒளிரும். உப்பிலுள்ள சோடியம் தரும் நிறம் அது. 1963ஆம் ஆண்டில் தும்பாவிலிருந்து சென்ற அந்த முதல் ராக்கெட் வானத்தில் சோடிய ஆவியைத்தான் தூவிச் சென்றது. கீழே இருள் கவிந்த பிறகும் மேலே வெயில் பட்டதால் அந்த மேகம் ஒளிர்ந்தது. அது எப்பக்கம் நகர்கிறது என்று படம் பிடித்து, மேல்வானில் காற்று எவ்வாறு வீசுகிறது என்பதை அறிஞர்கள் அளந்தார்கள். அடுப்பில் கண்ட நிறத்தையே அன்று இந்த நகரம் அந்தி வானில் கண்டது.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் தூளை நீரில் குழைத்துத் தாளில் பூசி உலர்த்தினால், காரப் பொருள் பட்ட இடம் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாகும் கதையும் இதுவே. வீட்டிலுள்ள சோப்புகளையும் சலவைத் தூள்களையும் இத்தாளில் சோதித்து, எது மிகுதியாகச் சிவக்க வைக்கிறது என்று வரிசைப்படுத்தலாம். அடுத்தது மழை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றை மாடியில் வைத்து, அன்றாடம் காலையில் அதிலுள்ள நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். திருநெல்வேலியில் உள்ள அத்தை வீட்டுப் பிள்ளையும் அவ்வாறே எழுதட்டும். மலைக்கு இப்பால் ஜூன் மாதத்தில் கொட்டும் மழை, மலைக்கு அப்பால் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதை இரண்டு நோட்டுப் புத்தகங்களும் சொல்லும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அங்கே பெய்வது இங்கே பெய்வதில் பாதிகூட இராது.

பொருள்கள் எளியவை என்பதால் விடையும் எளியது என்று எண்ணிவிடாதீர்கள். சர் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உலகம் போற்றும் கண்டுபிடிப்பைக் காண உதவியவை சூரிய ஒளி, வண்ணக் கண்ணாடிகள், தூய நீர்மங்கள், பழகிய கண் ஆகியவையே. அந்தக் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பெற்ற பிப்ரவரி 28ஆம் நாளையே நாம் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடுகிறோம்.

மாணவர்களே, எந்தச் சோதனையானாலும் நான்கு காரியங்களை மறவாதீர்கள். முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே அளவை மூன்று முறையாவது எடுங்கள். கண்டதைக் கண்டவுடன் எழுதுங்கள். பிடிக்காத விடையை அழிக்காதீர்கள். கண்காட்சி மேசையில் ஒளிரும் விளக்குகளை விட, மையும் அழுக்கும் படிந்த அந்த நோட்டுப் புத்தகமே உயர்ந்தது. சுவரிலுள்ள மின்சாரத்தைத் தொட வேண்டிய சோதனை எதுவும் வீட்டில் வேண்டாம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். ஊசி கட்டும்போது பத்து முறை நழுவும். "இங்கே கொடு, நான் கட்டுகிறேன்" என்று நா துடிக்கும். எனக்கும் துடித்தது, நான் எரிமலை செய்தேன். அடக்கிக்கொள்ளுங்கள். பதினோராம் முறை அது நிற்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எந்தப் பரிசும் அந்த முகத்தைத் தராது.

மற்றொன்றும் இச்சங்கத்தில் சொல்லத் தக்கது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ பாடம் கற்கிறார்கள். கற்கட்டும், இரண்டும் நமக்குச் சோறு போடும் மொழிகள். ஆனால் தமிழ் வீட்டில், "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதோடு நின்றுவிட்டால், அது சமையலறையைத் தாண்டாத மொழியாகிவிடும். மாடியில் குச்சி நட்டு நிழலைப் பார்க்கும்போது, ஏன், எப்படி, எவ்வளவு என்னும் சொற்களைத் தமிழில் கேளுங்கள். பிள்ளையும் தமிழில் விடை தேடட்டும். மொழி நிலைப்பதற்கு மேடைப் பேச்சைவிட அந்த அரைமணி நேரம் மிகுதியாக உதவும்.

முடிவாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் இம்மண்டபத்தின் ஒரு பக்கத்தில் நான்கு மேசைகள் போடுங்கள். கடையில் வாங்கிய மாதிரிக்கு இடமில்லை; பெரியவர் கைபட்டதற்கு இடமில்லை; நோட்டுப் புத்தகம் இல்லாததற்கும் இடமில்லை. பிள்ளைகள் தம் சோதனையைத் தமிழில் விளக்கட்டும். முதற் பரிசு, இரண்டாம் பரிசு என்று பிரிக்காமல், வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம் கொடுங்கள். அந்தப் புத்தகங்களின் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு பழைய எரிமலையின் கடன் அது.